புகைத்திரைக்குப் பின்னால்

நாட்டில் புகைப்போர் எத்தனை பேர் என்று அரசு எண்ணிப் பார்த்திருக்கிறது. 2016-17-இல் எடுக்கப்பெற்ற புகையிலைக் கணக்கெடுப்பின் ஏடு இதோ என் மேசைமீது கிடக்கிறது. பதினைந்து வயது நிரம்பியோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைக் கொள்கின்றனர். புகைப்போர் மட்டும் 10.7. ஆடவரில் நூற்றுக்கு 19 பேர், பெண்டிரில் 2 பேர். தமிழ்நாட்டுக்குத் தனிக் கணக்கும் உண்டு. 2009-10-இல் நூற்றுக்கு 16.2 பேராக இருந்த புகையிலைக்காரர் 2016-17-இல் 20 பேராகப் பெருகினர். இந்திய அளவில் குறைந்துவந்த ஒன்று, நம்மிடத்தில் வளர்ந்திருக்கிறது!

ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஆண் என்று ஒரு கட்டம். பெண் என்று ஒரு கட்டம். அவ்வளவுதான், அடுத்த பக்கம். நகரத்தார் தனியே, சிற்றூரார் தனியே, படித்தோர் தனியே, படியாதோர் தனியே என்றெல்லாம் பிரித்துப் பிரித்து எண்ணியவர்கள், திருநங்கையரை எங்கே வைத்தார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண் என்றும் பெண் என்றும் குறிக்கப்படாமல் ‘பிறர்’ எனப் பதியப்பட்டோர் இந்தியாவில் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள், புகையிலைக் கணக்கில் புகையோடு புகையாகக் கரைந்துபோயினர். தன் பாலினத்தாரையே விரும்பும் ஆணும் பெண்ணும் இருக்கிறார்களே, அவர்களுக்கு ‘பிறர்’ என்ற கட்டங்கூடக் கிடையாது.

அமெரிக்காவில் இதை எண்ணினார்கள். 2016-இல் எடுத்த கணக்கின்படி, எதிர்பாலை விரும்புவோரில் நூற்றுக்கு 15.3 பேர் வெண்சுருட்டுப் பிடித்தனர். தன்பாலையோ இருபாலையுமோ விரும்புவோரில் 20.5 பேர். ஐந்து பேர் கூடுதல்! ஐந்துதானே என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே. பிடிக்கிறவனில் பாதிப் பேரைக் கொல்லும் பொருள் அது.

ஏன் கூடுதல்? நம் ஊர்த் திண்ணைகளிலே இதற்கு ஆயத்த விடை ஒன்று உண்டு. “ஒழுக்கம் கெட்டவர்கள், ஒன்று கெட்டால் எல்லாம் கெடும்” என்பார்கள். எதற்கும் காரணம் கேட்கும் பழக்கமுடைய நீங்கள் இதை விடையென்று ஏற்கமாட்டீர்கள். விடை எனக்குத் தெரியும். பதினேழு ஆண்டுகள் அதை விரலிடுக்கில் வைத்திருந்தவன் நான்.

நான் ஆடவரை விரும்பும் ஆடவன். மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன். 1998-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பெட்டிக்கடை ஒன்றின் முன்பு என் முதல் வெண்சுருட்டைப் பற்றவைத்தேன். கடையின் ஓரத்திலே தேங்காய் நார்க் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் ஓயாத நெருப்புக் கனிந்துகொண்டிருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கலாம். நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அதுதான் முதன்மை! வேலையில்லாமல், துணையில்லாமல், ஓர் இளைஞன் மாலை மங்கும் நேரத்தில் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ஊர் கேட்கும், காவலர் கேட்பார். புகைத்துக்கொண்டு நின்றால் யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் “நெருப்பு இருக்கிறதா?” என்று கேட்கலாம். அந்த மூன்று நொடியில் முகத்தைப் பார்க்கலாம். அவரும் பார்த்தால், அவர் பார்வை ஒரு நொடி கூடுதலாகத் தங்கினால், பேசலாம். வேறெந்த வழியில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வது? ஆங்கிலேயன் 1860-இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு எங்கள் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள்தான் உச்சநீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோர் உறவை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. அதுவரையில் எங்களுக்கு மன்றமும் இல்லை, மணமேடையும் இல்லை. பெட்டிக்கடைக் கயிறு இருந்தது.

வேறொரு பயனும் உண்டு. வெள்ளித்திரையிலே வெண்சுருட்டை மேலே வீசி வாயால் கவ்விப் பிடிக்கும் வித்தையைக் கண்டு கைதட்டி வளர்ந்த ஊர் இது. புகை இங்கே ஆண்மைக்கு முத்திரை. நடையிலே நளினம் இருக்கிறது, குரலிலே குழைவு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ‘ஒன்பது’ என்று எண்ணால் இழிக்கப்பட்ட பையன், உதட்டிலே ஒன்றைச் செருகிக்கொண்டால் சற்று நேரம் ஆண்பிள்ளையாகிவிடுகிறான். பெண்ணுடலில் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியின் நிலை இன்னும் கூர்மையானது. பெண்டிரில் நூற்றுக்கு இருவரே புகைக்கும் நாட்டில், புகைப்பவனை ஊர் கேள்வி கேளாமல் ஆண் என்று எடுத்துக்கொள்கிறது. தேநீர்க் கடையில் தம் கையில் புகைவதே தமக்கு மீசை என்று திருநம்பி நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆயினும் சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு.

இந்த ஏக்கத்தை வணிகன் அறியாதிருப்பானா? 1929-இல் நியூயார்க் நகரத் தெருவில், ஈஸ்டர் திருநாள் ஊர்வலத்தில், இளமங்கையரை வெண்சுருட்டுப் பிடித்து நடக்கச்செய்து, அவை ‘விடுதலைத் தீப்பந்தங்கள்’ என்று விளம்பரம் செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். பெண்கள் கேட்ட உரிமை வேறு, கொடுக்கப்பட்டது புகை! 1990-களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பினரையும் வீடற்றோரையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. அதற்கு அவர்கள் உள்ளுக்குள் வைத்துக்கொண்ட சுருக்கப்பெயர் ‘ஸ்கம்’. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அழுக்கு நுரை என்று பொருள்; இழிந்த மக்கள் என்றும் பொருள். வழக்குகளின் வாயிலாக நிறுவனத்தின் தாள்கள் வெளிவந்தபோதுதான் பெயரும் வெளிவந்தது. காசை வாங்கும்போது வாடிக்கையாளர், கோப்பில் எழுதும்போது அழுக்கு நுரை. ஊர் எங்களைத் தள்ளிவைத்ததைப் புகையிலை முதலாளி ஒருவன்தான் சந்தையாகக் கண்டான்.

மன உளைச்சலுக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டுதானே எல்லாரும் புகைக்கிறோம்? அதையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம். புகையை இழுத்துப் பத்து நொடிகூட ஆகாமல் நிகோடின் மூளையைத் தொடுகிறது. இன்பம் தரும் சுரப்பு ஒன்றை அங்கே தூண்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் குருதியிலுள்ள நிகோடினில் பாதி வடிந்துவிடுகிறது. வடிய வடியப் பதற்றம், எரிச்சல், கவனச் சிதறல். அடுத்ததைப் பற்றவைக்கிறோம்; பதற்றம் தணிகிறது. ‘ஆகா, அமைதி!’ என்கிறோம். முன்னதால் விளைந்த பதற்றத்தைத்தான் பின்னது தணித்தது. வீட்டுக்குத் தீவைத்தவனே தண்ணீர்க்குடமும் சுமந்துவந்து விலை கேட்கிற கதை. புகையை விட்டவர்களின் மனநிலையை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, விட்டவர்க்குப் பதற்றமும் சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன என்றே கண்டது.

ஆனால், இந்த விளக்கம் பாதிதான். சிறுபான்மையாகப் பிறந்ததாலேயே ஒருவர் மீது ஏறுகிற தனிச்சுமை ஒன்று உண்டென்று இலான் மேயர் என்ற அறிஞர் 2003-இல் விரிவாக எழுதினார். வசை, வன்முறை, வேலை மறுப்பு ஒருபுறம். எந்நேரமும் மறைத்துக்கொண்டே இருக்கவேண்டிய விழிப்பு மறுபுறம். புகை அச்சுமையை இறக்கவில்லை என்பது மெய். சுமை இருக்கிறது என்பதும் மெய். ‘விடு’ என்று அறிவுரை கூறுவோர் முதல் மெய்யை மட்டும் பேசுகிறார்கள்.

எங்கள் அச்சகத்துக்கு வெள்ளிதோறும் கடை கேட்க வரும் திருநங்கை ஒருத்தி உண்டு. முப்பத்திரண்டு வயது. ஐந்தாறு ஆண்டுப் பழக்கத்தில் என்னை அண்ணன் என்று அழைக்கத் தொடங்கினாள். அவளுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வேற்றூரிலுள்ள மருத்துவமனை, அரசுச் செலவு. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. இந்த அறுவையை அரசு மருத்துவமனைகள் இலவசமாகச் செய்யும் வழியும் பிறந்தது. அவள் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, டாக்டர் சொல்லிட்டாரு. பீடிய விட்டாத்தான் கத்தியத் தொடுவாராம்” என்றாள்.

மருத்துவர் கூறியதில் தவறில்லை. நிகோடின் குருதிக் குழாய்களை இறுக்குகிறது. வெட்டித் தைத்த தசைக்குக் குருதி போய்ச் சேராவிட்டால் புண் ஆறாது, தசை கருகும். அறுவைக்கு நான்கு வாரங்களேனும் முன்னதாகவே நிறுத்தவேண்டும் என்று உலக நல நிறுவனமும் கூறுகிறது. வேறோர் ஆபத்தும் இருக்கிறது. உடலில் பெண்மை திரளவேண்டும் என்ற ஆவலில் கருத்தடை மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கித் தாமாகவே விழுங்குவோர் திருநங்கையரில் பலர். அம்மாத்திரைகளோடு புகையும் சேர்ந்தால் குருதி உறைந்து குழாயை அடைக்கும் வாய்ப்புப் பெருகும். போதாததற்கு, மாத்திரை தரும் ஈஸ்ட்ரோஜனைப் புகை ஈரலிலேயே விரைந்து அழிக்கவும் செய்கிறது. எந்த உருவத்துக்காக அவள் வீட்டை இழந்தாளோ, அந்த உருவத்தையே பீடி கரைக்கிறது! இதைச் சொன்னபோது அவள் வியந்து கேட்டாள்: “இத இத்தன வருசத்துல ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலியே அண்ணே?”

விடுவதென்று முடிவாயிற்று. நகரத்து மருத்துவமனை ஒன்றில் புகை மறக்கும் பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஆண் வரிசை ஒன்று, பெண் வரிசை ஒன்று. பெண் வரிசையில் நின்றாள். முணுமுணுப்பு எழுந்தது, ஆண் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். ஆண் வரிசையில் நின்றாள், சிரிப்பு எழுந்தது. ஒருவன் இடித்தான். எழுத்தர் தலை நிமிராமலே பழைய ஆண்பெயரை உரக்கக் கூவினார். அவள் வெளியே போய், வேப்பமரத்தடியில் குந்தி, இரவிக்கைக்குள்ளிருந்து பீடியை எடுத்தாள். புகையை விட வந்த இடத்தில் புகைத்தாள். அந்த நொடியில் அவளைத் தடுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? நான்தான் போய்த் துண்டறிக்கை ஒன்றை வாங்கிவந்தேன்.

அந்தத் துண்டறிக்கையை எழுதியவர் நல்லவராகத்தான் இருக்கவேண்டும். ‘குடும்பத்தாரிடம் உங்கள் முடிவைக் கூறுங்கள், அவர்கள் துணை நிற்பார்கள்’ என்று தொடங்கியிருந்தார். நான் படித்தேன். அவள் கேட்டாள்: “எந்தக் குடும்பத்துக்கிட்ட?” உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் அவளுடையது. பதினைந்தாம் வயதில் அடித்துத் துரத்தினார்கள். தம்பியின் திருமணத்தை ஒரு மாதம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். இப்படித் துரத்தப்படுவோர் ஒருபக்கம், தப்பியோடுவோர் மறுபக்கம். 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு ஓடினார்கள். காணவில்லை என்று பெற்றோர் காவல்நிலையத்தில் முறையிட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளை முதலில் தாமே கற்கவேண்டும் என்று கூறி, உளநூல் வல்லாரிடம் கேட்டறிந்து, பின்னர் ஜூன் 7-ஆம் நாள் ஆணையிட்டார்: இவர்களைக் காவலர் துன்புறுத்தலாகாது, ‘குணப்படுத்துகிறேன்’ என்னும் போலி மருத்துவம் கூடாது. அரிய ஆணை அது. எனினும், துண்டறிக்கை கேட்கும் அந்தக் குடும்பத்தை நீதிமன்றத்தால் தரமுடியாதே!

‘புகைக்கும் நண்பர்களை விட்டு விலகியிருங்கள்’ என்றது அடுத்த வரி. அவள் வாழும் வீட்டில் ஆறு பேர். அம்மா என்று அவர்கள் அழைக்கும் மூத்த திருநங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது ஆண்டுப் பீடி. அறுவரும் புகைப்பார்கள். அவர்களை விட்டு எங்கே விலகுவது? வேறு யார் இவளுக்கு வாடகைக்கு வீடு தருவார்? நான் என் நாளிலே இதே கதவைத் தட்டியவன். 2015-இல் புகையை நிறுத்தியபோது, மூன்றாம் நாள் நடுக்கத்தைக்கூடத் தாங்கினேன். மூன்றாம் வார மாலைகளைத் தாங்குவதுதான் அரிதாக இருந்தது. கடைக்குப் போனால் கை கயிற்றை நாடும். போகாவிட்டால், என்னை நானாக அறிந்த நால்வரையும் காணமுடியாது. வீட்டிலே உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றேன். ஈராண்டுத் தனிமை. நான் இழந்தது நால்வரை. அவள் இழக்க நேர்வது வீட்டையும் சோற்றையும்.

‘மாலையில் பூங்காவில் உலவுங்கள்’ என்றும் ஓர் அறிவுரை இருந்தது. அவள் பூங்காவில் உலவினால் காவலாளி கழியோடு வருவான். ‘வேளைக்கு உண்ணுங்கள்’ என்றும் இருந்தது. வெயிலிலே கடை கடையாகக் கைதட்டிக் கேட்டு நடப்பவளுக்குப் பசியை மரக்கச்செய்யும் பொருள் பீடிதான். நிகோடினுக்கு அந்தக் குணம் உண்டு. இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கோ, புறவழிச்சாலை இருட்டில் காத்திருக்கும் நேரமெல்லாம் கையிலுள்ள அந்தச் சிறு நெருப்புத்தான் வெளிச்சம்.

துண்டறிக்கையைக் குறை சொல்லவில்லை. அது குடும்பமும் வேலையும் பூங்காவும் உடைய ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த ஒருவருக்கு நன்கு பயன்படும்.

சட்டம் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2019 ஏப்ரல் 22-இல் இதே மதுரைக் கிளையில், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவாள் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2012 ஜூலையில் ‘சிருஷ்டி’ அமைப்பினர் இந்நகரில் ஆலன் டூரிங் பெயரால் வானவில் விழா எடுத்தபோது, பகலிலே, பலர் காண, எங்களைப் போன்றோர் கூடி நின்றதைக் கண்டு உடல் சிலிர்த்தேன். கையில் நெருப்பில்லாமல் நிற்க ஓரிடம்! ஆனால் விழா ஆண்டுக்கொருமுறை. மாலை நாள்தோறும் வருகிறது.

காசநோயை இங்கே நினைவூட்ட வேண்டும். 2003-இல் லான்செட் இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. நம் நாட்டு ஆய்வு. சென்னை மருத்துவ அறிஞர் கஜலட்சுமியும் குழுவினரும், சென்னையிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும், இறந்துபோன 43,000 ஆடவரையும் உயிரோடிருந்த 35,000 ஆடவரையும் ஒப்பிட்டார்கள். புகைத்தவர் காசநோயால் மாண்டது புகைக்காதவரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆடவரின் காசநோய்ச் சாவில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே பொறுப்பு என்று கண்டார்கள். கூவாகத்துக்கு ஆண்டுதோறும் திருநங்கையர் ஆயிரமாயிரமாகத் திரண்டுவந்தார்களே, அந்த ஊரும் அன்று விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. எச்.ஐ.வி. பற்றிப் பேசாமலும் இருக்கமுடியாது. டென்மார்க்கில் 2013-இல் வந்த ஆய்வின்படி, எச்.ஐ.வி. உடையவர் முறையாக மருந்துண்டால் அக்கிருமியால் இழக்கும் வாழ்நாள் ஐந்தாண்டு. புகைத்தால் புகையால் இழப்பது பன்னிரண்டு ஆண்டு. ஆணுறையைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள், நன்றி. பீடியைப் பற்றிப் பேச ஒருவரும் வந்ததில்லை.

இனி, அந்த வீட்டில் நடந்ததைக் கூறிவிடுகிறேன். ஒருத்தி மட்டும் விடமுடியாது என்பது இரண்டே நாளில் தெளிவாயிற்று. மூன்றாம் நாள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். மாத்திரையும் புகையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதையும், தைத்த தசை ஏன் கருகும் என்பதையும் சொன்னேன். ஏற்கெனவே அறுத்துக்கொண்டு புண் ஆறாமல் எட்டு மாதம் கிடந்த ஒருத்தி மூலையில் இருந்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தீப்பெட்டிகளையெல்லாம் சேர்த்து அடுப்படியில் வைக்கச் சொன்னார். வீட்டுக்குள் இனி யாரும் பற்றவைக்கக்கூடாது. வேண்டுமானால் வாசலைத் தாண்டிப் போ என்றார். அந்த வீட்டில் அம்மா சொல்லுக்கு மறுசொல் இல்லை. எந்த மருத்துவமனைக்கும் இல்லாத அதிகாரம் அது!

ஆறு பேரில் மூவர் நிறுத்தினார்கள். ஒருத்தி புகையை விட்டு மெல்லும் புகையிலைக்கு மாறிக்கொண்டாள். வாய்ப்புற்றுநோய் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி பத்தாம் நாள் திரும்பவும் தொடங்கினாள். அவள்தான் இரவில் புறவழிச்சாலைக்குப் போகிறவள். அம்மா நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடியிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருக்கிறார். என் தங்கை ஆறு வாரம் தாங்கினாள்; அறுவை முடிந்தது; தையல் நன்றாக ஆறிற்று. வெள்ளிக்கிழமை வருகிறாள். சில்லறையோடு கடலைமிட்டாயும் கொடுக்கிறேன். என் பழைய மருந்து.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அடுத்த கணக்கெடுப்பில் இன்னொரு கட்டம் போடலாம். ஒரு கோடு கிழிப்பதுதான் செலவு. சிகரெட் அட்டைமேல் 2018 முதல் அச்சிட்டு வருகிறார்களே 1800-11-2356 என்ற எண், அது கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம், தொலைபேசிக்கு வரிசை கிடையாது. திருநங்கையருக்கு அடையாள அட்டை வழங்க ஆட்சியர் அலுவலகத்தில் முகாம் நடக்கிறது. காத்திருக்கும் அந்த மணிக்கணக்கில் புகை மறக்கச்செய்யும் ஆலோசகர் ஒருவர் அங்கே உட்காரலாம். நிகோடின் பசையும் சில அட்டைகள் கொண்டுவரலாம். படிப்பகம் நடத்தும் தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை கதவைத் திறந்துவைத்து, யார் வந்தாலும் ஏனென்று கேளாமல் நாற்காலி தரலாம். தனி ஆளிடம் பேசாமல் வீட்டோடு பேசவேண்டும் என்பதை மட்டும் வருகிறவர் நினைவில் கொள்ளட்டும்.

இதையெல்லாம் மனுவாக எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஆலோசகர் வீட்டுக்கு வருவதென்றால் காலையில் வரவேண்டாமாம். இரவெல்லாம் விழித்த பிள்ளைகள் அப்போதுதான் கண்ணயர்வார்களாம். மாலை நான்கு மணி என்று எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.